கொடுமணலில் பத்து நாள் தோண்டப் போகலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறீர்கள். வரலாறு படித்தவர் இல்லை, ஆனால் கீழடிச் செய்தி ஒன்றையும் விடாமல் படிக்கிறீர்கள். இங்கிலாந்தில் சாதாரண ஆட்கள் பணம் கட்டி இரண்டு வாரம் அகழாய்வில் வேலை பழகுவதை வீடியோவில் பார்த்திருக்கிறீர்கள். அதுபோலப் பத்து நாள் லீவு போட்டுவிட்டு, ஈரோடு மாவட்டத்தில் அகழாய்வு நடந்த கொடுமணலுக்குப் போனால் சேர்த்துக்கொள்வார்களா என்பது கேள்வியின் முதல் பாதி. காங்கேயம் பக்கம் உங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) காட்டில் வட்டமாகக் கற்கள் கிடக்கின்றன, ஊரில் அதைப் பாண்டியன் குழி என்கிறார்கள், அது 2,500 வருஷம் இருக்குமா, நாங்களே கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் என்ன என்று கடைசி வரியில் போகிறபோக்கில் கேட்டிருக்கிறீர்கள். எனக்கென்னவோ அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது.

சுருக்கமான பதில்: முதலாவதற்கு, இப்போதைக்கு வாய்ப்பு குறைவு. இரண்டாவதற்கு, வேண்டவே வேண்டாம். ஆனால் இந்த இரண்டு பதிலுக்கும் நடுவில் நீங்கள் செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. மாணவனாக மூன்று பருவம் அகழாய்வுக் குழியில் நின்றவன், அதன்பின் பல வருஷம் கல்லூரிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நொய்யல் கரையில் கள ஆய்வு செய்தவன் என்ற அளவில்தான் பேசுகிறேன். அகழாய்வை நடத்திய இயக்குநர் அல்ல, வக்கீலும் அல்ல.

இங்கிலாந்து கதை வேறு. அங்கே பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்படாத நிலத்தில், நிலக்காரர் சம்மதித்தால் பெரும்பாலும் யாரும் அகழலாம். ஹேட்ரியன் சுவர் பக்கத்தில் விண்டோலாண்டா என்ற ரோமானியக் கோட்டை இருக்கிறது. அங்கே ஒவ்வொரு வருஷமும் தன்னார்வலர்கள் கட்டணம் கட்டி வந்து, நிபுணர்கள் மேற்பார்வையில் மண் எடுக்கிறார்கள். அந்தப் பணமும் உழைப்பும் ஆய்வுக்கே உதவுகின்றன. நம் நாட்டில் அகழாய்வு என்பது உரிமம் வாங்கிச் செய்யும் வேலை. மத்தியத் தொல்லியல் துறை ஒவ்வொரு பருவத்துக்கும், அதாவது அக்டோபர் 1 முதல் மறு செப்டம்பர் 30 வரை, இன்ன இடம், இன்ன இயக்குநர் என்று பெயர் போட்டு அனுமதி தருகிறது. மாநிலத் துறையானாலும் பல்கலைக்கழகமானாலும் அந்த அனுமதி இல்லாமல் ஆய்வுக் குழி போட முடியாது. ஒரு மணி காணாமல் போனாலும், ஒரு குழிச் சுவர் சரிந்தாலும், அந்த இயக்குநர்தான் பதில் சொல்ல வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரைப் பத்து நாளுக்குக் குழிக்குள் இறக்க அவர் தயங்குவதில் தப்பு சொல்ல மாட்டேன்.

இன்னொரு விஷயமும் உண்டு. நம் ஊர் அகழாய்வில் மண் எடுப்பது பக்கத்து ஊர்க்காரர்கள், கூலிக்கு. அந்த நாட்களில் அவர்களுக்கு அது வருமானம். நாம் இலவசமாகச் செய்கிறோம் என்று போய் நின்றால் யாருடைய வேலையைப் பிடுங்குகிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும். அதைவிட, அவர்கள் அளவுக்கு நமக்கு வேலை தெரியாது. இது பணிவுக்குச் சொல்வதில்லை.

நான் முதல் முறை குழியில் இறங்கியபோது நடந்ததைச் சொல்கிறேன். ஐந்துக்கு ஐந்து மீட்டர் சதுரம். சுற்றிலும் ஆணி அடித்து நூல் கட்டியிருக்கும். கொத்தனார் வைத்திருப்பதுபோன்ற ஒரு சின்னக் கரண்டியால் மண்ணைச் சுரண்டிக்கொண்டே பின்னால் நகர வேண்டும். மூன்றாம் நாள் மத்தியானம், கரண்டி முனையில் சிவப்பாக ஒரு பளபளப்பு. சூதுபவள மணி, புளியங்கொட்டையில் பாதி அளவு. எடுத்து, சட்டையில் துடைத்து, உள்ளங்கையில் வைத்து ஓடினேன், பரிசு வாங்கப் போகிற பையன் மாதிரி. மேற்பார்வையாளர் மணியைப் பார்க்கவே இல்லை. "எங்கிருந்து எடுத்த?" என்றார். திரும்பி வந்து காட்டினேன். இங்கே, இல்லை இங்கே, இந்தப் பக்கமாகத்தான் இருந்தது. எவ்வளவு ஆழம்? எந்த மண்ணடுக்கு? பக்கத்தில் பானை ஓடு இருந்ததா? தெரியவில்லை. அவர் ஒன்றும் திட்டவில்லை. பதிவேட்டில் அந்த மணிக்கு நேராக 'மேற்பரப்பு' என்று எழுதிவிட்டார். அதாவது, தரைமேல் எங்கோ கிடந்து பொறுக்கியதற்குச் சமம். ஈராயிரம் வருஷம் இருந்த இடத்திலேயே இருந்த பொருளை ஐந்து நொடியில் அநாதையாக்கியிருந்தேன்.

பக்கத்துச் சதுரத்தில் ஐம்பது வயது இருக்கும் ஓர் அம்மா வேலை செய்துகொண்டிருந்தார். கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் எதைக் கண்டாலும் கையை எடுத்துவிட்டுக் குரல் மட்டும் கொடுப்பார்: "இங்கொண்ணு கெடக்குதுங்க." ஒருநாள் என் சதுரத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, மண்ணு மாறிப்போச்சு, நிறுத்துங்க" என்றார். எனக்கு எல்லாம் ஒரே செம்மண்ணாகத்தான் தெரிந்தது. கரண்டி போகிற சத்தம் வேறு மாதிரி கேட்கிறது என்றார். தண்ணீர் தெளித்துப் பார்த்தபோதுதான் வட்டமாக ஒரு கருப்பு தெரிந்தது. வீட்டு மரக்கம்பம் நட்ட குழி. கம்பம் மக்கிப்போய்விட்டது, நிறம் மட்டும் நின்றிருந்தது. நான் இன்னும் இரண்டு அங்குலம் இறக்கியிருந்தால் அந்த வீடே போயிருக்கும்.

அகழாய்வு என்றால் பொருள் எடுப்பது என்று நினைத்துக்கொண்டுதான் எல்லோரும் வருகிறோம். எது எதோடு, எந்த அடுக்கில் கிடந்தது என்பதுதான் அங்கே எடுக்கப்படுவது. குழியை ஒருமுறைதான் தோண்ட முடியும். அதனால்தான் சதுரங்களுக்கு நடுவே மண்சுவரை வெட்டாமல் விட்டுவைக்கிறார்கள். அடுக்குகளைப் பிறகு சரிபார்க்க மிச்சமிருக்கும் சாட்சி அது ஒன்றுதான்.

சரி, கொடுமணலையே எடுத்துக்கொள்வோம். சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரை. பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் கொடுமணம் என்று சொல்லும் ஊர் இதுதான் என்பது பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட கருத்து. 1985-ல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வைத் தொடங்கியது. 2012, 2013-ல் புதுவைப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் குழுவினர் தோண்டினார்கள். பிறகு மாநிலத் துறையும் செய்திருக்கிறது. கல் பலகைகளால் பெட்டிபோல் கட்டி, ஒரு பலகையில் வட்டத் துளை விட்ட கல்லறைகள், அவற்றில் ஒன்றில் மட்டும் 2,000-க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள், கற்கள் பதித்த வெண்கலப் புலி, தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த நூற்றுக்கணக்கான பானை ஓடுகள், இரும்பு உருக்கிய உலைகள், பாதி அறுத்த நிலையில் விட்ட மணிக்கற்கள் எல்லாம் கிடைத்திருக்கின்றன. மணிக்கற்கள் அங்கேயே பட்டை தீட்டப்பட்டன என்பதில் சந்தேகம் இல்லை. செய்து முடித்த மணியோடு கழிவுச் சில்லும், துளை போடும்போது உடைந்த துண்டும் சேர்ந்தே கிடைத்தால் வேறு விளக்கம் கிடையாது. பச்சைக்கல் உங்கள் காங்கேயம் பக்கத்துப் படியூரிலிருந்தும், நீலக்கல் வகை சிவன்மலைப் பக்கத்திலிருந்தும் போயிருக்க வேண்டும் என்பது கிட்டத்தட்ட உறுதி, ஏனென்றால் அந்தக் கற்கள் இன்றும் அங்கே கிடைக்கின்றன. சூதுபவளம் குஜராத்திலிருந்து வந்தது என்பது நல்ல ஊகம், அவ்வளவே. உலை இருந்தது உறுதி. அதில் உயர்ரக உருக்கு செய்து ரோம் வரை அனுப்பினார்கள் என்று நாளிதழில் வருவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ரோமானிய நாணயங்கள் கொங்கு நாட்டில் குவியல் குவியலாகக் கிடைத்தது உண்மைதான். வெள்ளலூரில் 1842-லேயே கிடைத்திருக்கிறது, கரூரிலும் உண்டு. நாணயம் வந்தது நிச்சயம். பதிலுக்கு எது எவ்வளவு போனது என்பதற்குப் பில் புத்தகம் யாரும் வைத்துவிட்டுப் போகவில்லை. கணக்கு பார்ப்பவர் உங்களுக்கு இது புரியும்.

2,500 வருஷம் பற்றி. அந்த எண் இன்று எல்லோர் வாயிலும் இருக்கிறது. அது வந்த வழிகளில் ஒன்று பழநிக்குப் பக்கத்துப் பொருந்தல். அங்கே 2009-ல் ஒரு கல்லறையில் நான்கு கால் ஜாடி ஒன்று கிடைத்தது, அதற்குள் நெல். அந்த நெல்லை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பிக் கரிமக் காலக்கணிப்பு செய்தபோது கி.மு. 490 என்று வந்தது. அதே கல்லறையில் 'வயர' என்று தமிழ்-பிராமியில் எழுதிய புரிமனையும் (பானையை உட்காரவைக்கும் வளையம்) இருந்தது. நெல்லின் காலம் அறிவியல் சொன்னது. எழுத்தின் காலமும் அதுவே என்பது, இரண்டும் ஒரே சமயத்தில் உள்ளே வைக்கப்பட்டவை என்பதிலிருந்து நாம் எடுக்கும் முடிவு. நான் அந்த முடிவை ஏற்கிறேன், ஒரே கல்லறை என்பதால். ஆனால் அசோகருக்கு முன்பே எழுத்து இருந்தது என்று சொல்ல ஒன்றிரண்டு காலக்கணிப்பு போதாது என்று கருதிய அறிஞர்களும் உண்டு. கீழடி, கொடுமணல் என்று அடுத்தடுத்து வந்த முடிவுகளோடு விவாதம் நகர்ந்திருக்கிறது, தீர்ந்துவிடவில்லை. உங்கள் அப்புச்சி காட்டுக் கல்வட்டத்துக்கு இதில் எந்த எண்ணையும் ஒட்ட முடியாது. கல்வட்டம் எழுப்பும் வழக்கம் பல நூற்றாண்டு நீடித்தது. பெருங்கற்காலத்தது என்று சொல்லலாம், அதற்கு மேல் கல்லை மட்டும் பார்த்துச் சொன்னால் அது ஜோசியம்.

இனி அந்தக் காட்டுக்கு வருவோம். தோண்டாதீர்கள். ஆராய்ச்சி என்று சொல்லி அகழ்வதைக் கட்டுப்படுத்த 1958-ம் வருஷ மத்தியச் சட்டமும் 1966-ம் வருஷ மாநிலச் சட்டமும் இருக்கின்றன. தோண்டி ஏதாவது கிடைத்துவிட்டால் 1878-ல் வெள்ளைக்காரன் போட்ட புதையல் சட்டம் வேறு. மண்ணுக்குள் மறைந்திருந்த பொருள் பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய்க்கு இன்று ஒரு டீ வராது, ஆனால் சட்டம் அப்படியே நிற்கிறது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருளை விற்பது, வெளிநாட்டுக்கு அனுப்புவது பற்றி 1972-ம் வருஷச் சட்டம் தனி. உங்கள் நிலத்துக்கு இதில் எது எப்படிப் பொருந்தும் என்பதைத் தாலுகா அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சட்டத்தையே விடுங்கள். பாண்டியன் குழியில் தங்கம் இருக்கும் என்று நம்பி நம் பக்கத்தில் நாசமாக்கிய கல்லறைகள் எத்தனையோ. நான் பார்த்தவற்றில் உடைத்தவனுக்குக் கிடைத்தது ஓட்டுச் சில்லும் துருவும்தான்.

வீட்டில் ஒரு பயம் எழும். சொன்னால் அரசாங்கம் காட்டை எடுத்துக்கொள்ளும் என்பார் அப்புச்சி. எல்லா ஊரிலும் கேட்கிற பேச்சு இது. பலர் ராத்திரியோடு ராத்திரியாக ஜேசிபி விட்டுக் கற்களை வேலியோரம் தள்ளிவிடுவதற்கும் இதுதான் காரணம். தகவல் கொடுத்ததாலேயே நிலம் பறிபோவதில்லை. ஓர் இடத்தைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவிப்பது தனி நடைமுறை, அதற்கு முறையான அறிவிப்பும் ஆட்சேபணை சொல்ல அவகாசமும் உண்டு. நான் வேலை செய்த இடங்களில் பட்டா நிலக்காரரின் சம்மதத்தோடுதான் குழி போட்டார்கள், முடிந்ததும் மூடிக் கொடுத்தார்கள். இதையெல்லாம் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்ல வேண்டியது நீங்கள்தான். அதிகாரி வந்து சொன்னால் அப்புச்சி நம்ப மாட்டார்.

உங்களால் முடிந்த வேலை இது. ஒரு மழைக்கு அப்புறம், காலையில் வெயில் சாய்வாக இருக்கும்போது போங்கள். மழை கழுவிய மேட்டாங்காட்டில் ஓடுகள் தாமாகவே பல்லைக் காட்டும். கற்களுக்கு நடுவில் ஓர் அடி ஸ்கேல் வைத்து, வடக்கு எது என்று தெரியும்படி படம் எடுங்கள். வட்டத்தின் குறுக்களவை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். எத்தனை கல், எது சாய்ந்திருக்கிறது, எது இடம் மாறியிருக்கிறது என்று நோட்டில் வரையுங்கள். சர்வே எண்ணை எழுதுங்கள், போனில் இடக்குறியீடு எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றி நூறு அடி நடந்து இரும்புக் கிட்டம் (இரும்பு உருக்கும்போது மிஞ்சும் கழிவு) கிடக்கிறதா, பக்கத்தில் நத்தம், நத்தமேடு என்று பெயருள்ள காடு இருக்கிறதா என்று பாருங்கள். செத்தவர்களுக்கு வட்டம் போட்டவர்கள் எங்கோ பக்கத்தில் வாழ்ந்திருக்க வேண்டுமே. அப்புறம் ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள், முக்கியமாகக் கொறங்காட்டில் மாடு மேய்த்தவர்களிடம். கிலுவை வேலிக்குள் எந்தக் கல் எங்கே கிடக்கிறது, எதை எந்த வருஷம் யார் வீட்டு அஸ்திவாரத்துக்கு எடுத்துப்போனார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. இந்தத் தகவல் எந்த அகழாய்விலும் கிடைக்காது, அந்தத் தலைமுறையோடு போய்விடும். எல்லாவற்றையும் நாலு பக்கத்தில் எழுதி, தாசில்தாருக்கும் மாவட்டத்துக்கான தொல்லியல் அலுவலருக்கும் ஒரு பிரதி கொடுங்கள், ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். ஈரோடு, கோவை, கரூர் அரசு அருங்காட்சியகங்களில் காப்பாட்சியர்கள் இருக்கிறார்கள், படத்தைக் காட்டி அபிப்பிராயம் கேட்கலாம். ரீல்ஸ் மட்டும் போட வேண்டாம். நீங்கள் இடத்தோடு போட்ட மறுவாரம் கடப்பாரையோடு ஒரு கும்பல் வரும்.

இதெல்லாம் எடுபிடி வேலை என்று தோன்றினால், அறச்சலூர் நாகமலையை நினைத்துப் பாருங்கள். அங்கே குகைப் பாறையில் தமிழ்-பிராமியில் தாளச் சொற்கட்டுகள் கட்டம் கட்டமாக வெட்டப்பட்டிருக்கின்றன. அதைச் செய்தவன் தன்னை மணிவண்ணக்கன் தேவன் சாத்தன் என்று சொல்லிக்கொள்கிறான். மணிவண்ணக்கன் என்றால் மணிகளின் தரம் பார்ப்பவன். கொடுமணலில் கல்லைப் பட்டை தீட்டினார்கள் என்று மண் சொல்கிறது, அதைச் சோதிக்கத் தனித் தொழில்காரன் இருந்தான் என்று இந்தப் பாறை சொல்கிறது. எழுத்தமைதியைப் பார்த்தால் இவன் கொடுமணலின் உச்ச காலத்துக்குப் பிந்தியவன், அதனால் இரண்டையும் நேராக முடிச்சுப் போட்டுவிட முடியாது. ஆனாலும் இந்த வட்டாரத்தில் அந்தத் தொழில் நீண்ட நாள் இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேறு இல்லை. இதை வெளியே கொண்டுவந்தவர் புலவர் செ. இராசு. அடிப்படையில் தமிழாசிரியர். கொங்கு நாட்டுக் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் ஊர் ஊராக அலைந்து சேர்த்தவர். இந்தக் கல்வெட்டுக்கு ஒரு கூடை மண்கூட எடுக்க வேண்டியிருக்கவில்லை. கோவைக்குப் பக்கத்தில் சுண்டக்காமுத்தூரில் இராசகேசரிப் பெருவழி என்ற பாதையைக் குறிக்கும் கல்வெட்டும் அப்படித்தான், தரைக்கு மேலேயே இருக்கிறது.

முறையாகப் பயில வேண்டும் என்றால் மாநிலத் தொல்லியல் துறை சென்னையில் நடத்தும் இரண்டு வருஷ முதுநிலைப் பட்டயப் படிப்பு இருக்கிறது. வேலையை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும், முப்பது தாண்டியபின் எல்லோராலும் முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் எழுத்துப் பயிலலாம். தமிழ்-பிராமி சில வாரத்தில் வந்துவிடும், வட்டெழுத்துக்கு மாதக்கணக்கில் ஆகும். கோவை, திருப்பூர், ஈரோட்டில் ஆர்வலர் குழுக்கள் கல்வெட்டு வாசிப்புப் பயிற்சி அவ்வப்போது நடத்துகின்றன. மைப்படி எடுக்க ஒருநாள் கூடப் போய்ப் பாருங்கள். கல்லைக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, பிரஷ்ஷால் அடித்து அடித்து எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, மேலே மை ஒற்றும்போது, வெறும் பாறை என்று நினைத்த இடத்தில் வரிகள் எழும். தோள்பட்டை இரண்டு நாள் வலிக்கும்.

கொடுமணலிலோ வேறெங்கோ அடுத்த பருவத்தில் அகழாய்வு அறிவித்தால், தொடங்கிய சில வாரம் கழித்து இயக்குநருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். குழியில் இறங்க வேண்டும் என்று கேட்காதீர்கள். பானை ஓடு கழுவும் களத்தில் உதவட்டுமா என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்து ஆள் பற்றாத இடம் அதுதான். கூடை கூடையாக ஓடுகள் வரும். கழுவி, நிழலில் உலர்த்தி, வாய்ப்பகுதி, அடிப்பகுதி, வண்ணம் தீட்டியது, கீறல் உள்ளது என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் பொடி எழுத்தில் குழி எண்ணும் ஆழமும் எழுத வேண்டும். முதல் நாள் சலிப்பாக இருக்கும். நாலாம் நாள், செம்பூச்சின் மேல் அலையலையாக வெள்ளைக் கோடு போட்ட ஓடு, நம் கொங்குப் பகுதியில் நிறையக் கிடைக்கிற வகை அது, கூடைக்குள் கிடக்கும்போதே கண்ணில் படும். கிடைக்கும் என்று உறுதி தர மாட்டேன், வரலாறு படிக்கும் மாணவர்களுக்கே முதலிடம் கொடுப்பார்கள். ஆனால் கணக்கு எழுதிப் பழகிய ஆள், பதிவேடு பிழையில்லாமல் எழுதுவேன் என்று சொல்லிக் கேட்டால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு.

அப்புச்சி காட்டுக்குப் போகும்போது ஒன்று மட்டும் பார்த்து இங்கே எழுதுங்கள். வட்டத்துக்குள் கிடக்கும் ஓட்டில் உள்பக்கமும் வாய் விளிம்பும் கருப்பாகவும், வெளியே அடிப்பாகம் சிவப்பாகவும் இருக்கிறதா? கிடந்த இடத்திலேயே வைத்துப் படம் எடுத்துவிட்டு, உள்பக்கம் தெரியும்படி ஒருமுறை திருப்பிப் பார்த்து, அதே இடத்தில் அப்படியே வைத்துவிடுங்கள்.